செடி ஒன்று, மருந்து பல: ஆயுர்வேதத்தில் மூலிகை மருந்தாகும் விதம்

கொரோனா காலத்தில் சீந்தில் கொடிக்கு வந்த மவுசு பலருக்கு நினைவிருக்கும். 'கிலோய்' என்ற வடநாட்டுப் பெயரோடு சாறாகவும் பொடியாகவும் மாத்திரையாகவும் கடைகளை நிறைத்தது. 2021-ல் மும்பையைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்டு வந்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக ஆய்விதழில் எழுதினார்கள். அடுத்த ஆண்டு பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து 43 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டன. ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. டைனோஸ்போரா கார்டிஃபோலியா என்ற உண்மையான சீந்தில் பாதுகாப்பானது, பார்க்க அதேபோல் இருக்கும் டைனோஸ்போரா கிரிஸ்பா என்ற கொடியை மாற்றிப் பயன்படுத்தியிருக்கலாம் என்றது.

வாசகர்களிடம் மிஞ்சிய கேள்வி ஒன்றுதான்: சீந்தில் நல்லதா, கெட்டதா? ஆயுர்வேத மருந்து செய்முறையை அறிந்தவர்கள் இதைப் பாதிக் கேள்வி என்பார்கள். பச்சைத் தண்டா, காய்ந்ததா? எத்தனை பங்கு தண்ணீர்? கொதிக்க வைத்ததா, ஊற வைத்ததா? கொதித்து எவ்வளவாக வற்றியது? இவ்வளவும் சொன்ன பிறகுதான் அது எந்த மருந்து என்றே சொல்ல முடியும். பாதிக்கப்பட்டவர்களில் தண்டைக் கொதிக்க வைத்துக் குடித்தவரும் உண்டு, மாத்திரை விழுங்கியவரும் உண்டு. செய்தியில் எல்லாம் 'சீந்தில்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டது.

மூலிகையை மருந்தாக மாற்றும் முறைக்கு ஆயுர்வேதத்தில் கல்பனை என்று பெயர். மருந்து லேபிளில் இருக்கும் சூரணம், கஷாயம், கிருதம் (மருந்து நெய்), அரிஷ்டம் போன்ற பின்னொட்டுகள் எல்லாம் கல்பனைகளின் பெயர்கள். அவற்றின் கணக்கு தெரிந்தால் லேபிளும் புரியும், இதுபோன்ற சர்ச்சைகளும் புரியும்.

ஐந்து அடிப்படை முறைகள்

ஆயுர்வேதத்தின் மூல நூல்களில் ஒன்றான சரக சம்ஹிதையின் சூத்திர ஸ்தானம் என்ற பகுதியில், நான்காம் அத்தியாயத்தில் ஐந்து முறைகள் சொல்லப்படுகின்றன. ஐந்துக்கும் பொதுப்பெயர் கஷாயம். இன்று நாம் கஷாயம் என்று சொல்வது இவற்றில் ஒன்றை மட்டும்தான். அளவுகளையும் விகிதங்களையும் பாடப்புத்தகம் போலத் தொகுத்தது பல நூற்றாண்டுகள் கழித்து வந்த, சார்ங்கதரர் எழுதிய சார்ங்கதர சம்ஹிதை. அதன் நடுப்பகுதியான மத்தியம கண்டம் மருந்து செய்வதற்காகவே எழுதப்பட்டது. இன்றைய மருந்தகங்களும் பெரும்பாலும் அதன் விகிதங்களைத்தான் பின்பற்றுகின்றன.

அதில் வரும் எடை அளவு பலம். அரசின் ஆயுர்வேத மருந்துத் தொகுப்பு ஒரு பலத்தை 48 கிராமாகக் கொள்கிறது. சித்த மருத்துவக் கணக்கில் ஒரு பலம் 35 கிராம். பழைய சுவடிக் குறிப்பையும் ஆயுர்வேதப் புத்தகத்தையும் ஒன்றாக வைத்துக்கொண்டு வீட்டில் மருந்து செய்பவர்கள் இங்கேயே சறுக்கிவிடுகிறார்கள்.

1. சுவரசம். பச்சை மூலிகையை இடித்துத் துணியில் பிழிந்த சாறு. நெருப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஐந்தில் இதுதான் வீரியம் அதிகமானது, செரிக்கக் கடினமானது. பச்சையாகக் கிடைக்காவிட்டால் உலர்ந்த பொடியை இரண்டு மடங்கு தண்ணீரில் ஒரு பகல் ஒரு இரவு ஊறவைத்து வடித்துக்கொள்ளலாம். ஆடாதோடை போல, இடித்தாலும் சாறு விடாத இலைகளுக்குப் புடபாகம் என்று தனி முறை உண்டு: அரைத்த இலையை உருட்டி, நாவல் அல்லது ஆல இலையில் சுற்றி, மேலே இரண்டு விரல் கனத்துக்கு மண் பூசி, நெருப்பில் மண் சிவக்கும் வரை சுட்டு, உள்ளே வெந்ததைப் பிழிவார்கள்.

2. கல்கம். அம்மியில் அரைத்த விழுது. நார், சக்கை எதுவும் போகாமல் மூலிகை முழுதாக உள்ளே போகிறது.

3. குவாதம், அல்லது சிருதம். தண்ணீரில் கொதிக்க வைத்து வற்றவைப்பது. நமக்குத் தெரிந்த கஷாயம் இதுதான்.

4. சீதம், அல்லது ஹிமம். ஒரு பங்கு மூலிகையை ஆறு பங்கு குளிர்ந்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்துக் காலையில் வடிப்பது. தனியாவை இப்படி ஊறவைத்துச் சர்க்கரை சேர்த்துக் குடிப்பதைத் தாகத்துக்கும் எரிச்சலுக்கும் சார்ங்கதரர் சொல்கிறார். தனியாவின் மணம் ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. கொதிக்க வைத்தால் அது அடுப்படிக்குத்தான் போகும்.

5. பாண்டம். ஒரு பங்கு பொடிமேல் நான்கு பங்கு வெந்நீர் ஊற்றி, கசக்கி, வடிப்பது. கிட்டத்தட்ட டீ போடுவது மாதிரிதான். ஐந்தில் மிக லேசானது.

சுவரசத்தில் தொடங்கிப் பாண்டம் வரை வர வர வீரியமும் குறையும், செரிமானத்துக்கு வைக்கும் சுமையும் குறையும். எதைக் கொடுப்பது என்பது நோயாளியின் பலத்தையும் நோயின் பலத்தையும் பார்த்து வைத்தியர் எடுக்கும் முடிவு. ஆகவே "சீந்தில் சாறும் சீந்தில் கஷாயமும் ஒன்றுதானே, எது கிடைக்கிறதோ அதைக் குடிக்கலாம்" என்பது இந்த நூல்களின்படியே தப்பு.

சீந்திலுக்கு இன்னொரு வடிவம் உண்டு. கட்டைவிரல் பருமனுள்ள தண்டை நசுக்கித் தண்ணீரில் ஊறவைத்துக் கையால் நன்றாகப் பிசைவார்கள். தண்டை எடுத்துவிட்டுத் தண்ணீரை வடிகட்டித் தெளியவிட்டால் அடியில் வெள்ளையாக மாவு படியும். மேல் தண்ணீரை இறுத்துவிட்டு அந்த மாவைக் கழுவிக் காயவைத்தால் அது குடூசி சத்துவம். தமிழ்நாட்டில் சீந்தில் சர்க்கரை என்பார்கள். இனிப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பெரும்பகுதி மாவுச்சத்துதான். தண்டின் கசப்புப் பொருள்களில் நல்ல பங்கு இறுத்துக் கொட்டிய தண்ணீரோடு போய்விடுகிறது. காலையில் 20 மில்லி பச்சைச் சாறு குடிப்பவரும் ஒரு சிட்டிகை சீந்தில் சர்க்கரை சாப்பிடுபவரும் வேதியியல் கணக்கில் ஒரே பொருளைச் சாப்பிடவில்லை.

பச்சையா, காய்ந்ததா என்பதற்கும் விதி இருக்கிறது. பொதுவாக, பச்சையாகப் போட்டால் உலர்ந்த எடையைப் போல் இரண்டு மடங்கு போட வேண்டும், ஈரம் எடை காட்டும் என்பதால். ஆனால் சீந்தில், ஆடாதோடை, தண்ணீர்விட்டான் கிழங்கு, அசுவகந்தா முதலிய சிலவற்றை எப்போதும் பச்சையாகவே பயன்படுத்த வேண்டும், அளவையும் இரட்டிக்கக் கூடாது என்கிறது சார்ங்கதர சம்ஹிதை. நேர்மாறாக வாய்விடங்கம், திப்பிலி, வெல்லம், தேன், நெய் முதலியவை பழசாக இருந்தால்தான் நல்லது. இன்று சந்தைக்கு வரும் சீந்தில் பெரும்பாலும் காய்ந்த துண்டுகள்தான். மரபு, மரபு என்று விளம்பரத்தில் சத்தம் போடுபவர்களும் இந்த விதியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

கஷாயத்தின் கணக்கு

சார்ங்கதரர் சொல்லும் பொது விதி: ஒரு பலம் மூலிகையை ஒன்றிரண்டாக இடித்து, 16 மடங்கு தண்ணீர் ஊற்றி, மெல்லிய தீயில் எட்டில் ஒரு பங்காக வற்றவைக்க வேண்டும். கிராமில் போட்டுப் பார்ப்போம். 48 கிராம் மூலிகைக்கு 768 மில்லி தண்ணீர். வற்றி மிஞ்ச வேண்டியது 96 மில்லி.

பொருளின் கடினத்தை வைத்து இன்னொரு கணக்கும் வழக்கில் இருக்கிறது. இலை, பூ போன்ற மென்மையானவற்றுக்கு 4 மடங்கு, நடுத்தரமானவற்றுக்கு 8 மடங்கு, கட்டை, வேர் போன்ற கடினமானவற்றுக்கு 16 மடங்கு தண்ணீர். மூன்றிலும் கால் பங்காக வற்ற வேண்டும். காரணம் எளிது. கடினமான வேருக்குள் தண்ணீர் புகுந்து சத்தைக் கரைத்து வெளியே கொண்டுவர நேரம் வேண்டும். கடிகாரம் இல்லாத காலத்தில் அந்த நேரத்தைத் தண்ணீரின் அளவால் அளந்தார்கள். அதிகத் தண்ணீர் வற்ற அதிக நேரம் ஆகும், அவ்வளவுதான்.

பாத்திரத்தை மூடக்கூடாது என்பதும் விதி. மூடி போட்டுக் காய்ச்சிய கஷாயம் எளிதில் செரிக்காது என்பது நூல் தரும் விளக்கம். நடைமுறையில் பார்த்தால் மூடி போட்டால் வற்றாது, வற்றலைக் கடிகாரமாக வைத்த கணக்கு முழுவதும் குலைந்துவிடும். குக்கரில் கஷாயம் வைக்கும் வீடுகளில் நடப்பது இதுதான். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டிப் பொடியைப் போட்டு ஒரு கொதி விட்டு இறக்குபவர் உண்மையில் பாண்டம் செய்கிறார். அது மோசம் என்று சொல்ல வரவில்லை. லேபிளில் கஷாயத்துக்குச் சொன்ன அளவும் பலனும் அதற்குப் பொருந்தாது.

கஷாயத்தை அன்றன்றைக்கு வைத்து அன்றே குடித்துவிட வேண்டும். இந்தத் தொல்லையைத் தீர்த்ததுதான் 20-ஆம் நூற்றாண்டு மருந்தகங்களின் பெரிய வேலை. பி.எஸ். வாரியர் 1902-ல் கோட்டக்கல்லில் ஆரிய வைத்திய சாலையைத் தொடங்கியபோது, வைத்தியர் எழுதிக்கொடுத்த மருந்தை நோயாளியின் வீட்டில் இடித்துக் காய்ச்சுவதே வழக்கம். செய்து முடித்த மருந்தைக் கடையில் வாங்கும் பழக்கம் கேரளத்தில் வேரூன்றியதில் அந்த நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று பாட்டிலில் வரும் கஷாயம் கூடுதலாக வற்றவைத்துக் கெடாமலிருக்கப் பொருள் சேர்த்தது. ஆகவேதான் வெந்நீரில் கலந்து குடிக்கச் சொல்கிறார்கள். கஷாய மாத்திரை அதையும் தாண்டி, வற்றவைத்ததைக் கெட்டியாக்கி மாத்திரையாக அழுத்தியது. ஒரு மாத்திரை எத்தனை மில்லி கஷாயத்துக்குச் சமம் என்று லேபிளில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அளவு வெறும் நம்பிக்கைதான்.

தைலமும் நெய்யும்: பதம் பார்க்கும் கலை

மருந்து செய்பவர்களின் கைத்திறமை வெளிப்படும் இடம் இது. மூலிகையின் சத்தை எண்ணெய்க்கோ நெய்க்கோ மாற்றுவதுதான் வேலை. நூலில் தனி அளவு சொல்லப்படாதபோது பின்பற்றும் விகிதம்: கல்கம் 1 பங்கு, எண்ணெய் அல்லது நெய் 4 பங்கு, திரவம் 16 பங்கு. திரவம் என்பது கஷாயமாகவோ சாறாகவோ பாலாகவோ இருக்கலாம். ஒரு லிட்டர் நல்லெண்ணெய் என்றால் கால் கிலோ விழுது, நாலு லிட்டர் கஷாயம்.

ஒரு லிட்டர் எண்ணெய்க்கு நாலு லிட்டர் தண்ணீர்ப் பொருள் ஏன்? தண்ணீர் இருக்கும் வரை அந்தக் கலவையின் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். விழுதும் எண்ணெயும் கருகாமல் மணிக்கணக்கில் ஒன்றோடொன்று பழகுவதற்கான ஏற்பாடு அது. தண்ணீர் தீர்ந்த நொடியிலிருந்து சூடு விறுவிறுவென ஏறும். அந்தக் கடைசிக் கட்டத்தில் சில நிமிடம் தவறினாலும் உருளி முழுக்க வீண். கருகிய தைலத்தைத் தக்த பாகம் என்று ஒதுக்கிவிடச் சொல்கின்றன நூல்கள். தண்ணீர் மிச்சமிருக்கும்போதே இறக்கியது ஆம பாகம். அதுவும் ஆகாது, சீக்கிரம் கெட்டுவிடும்.

இடையில் இருக்கும் சரியான நிலையை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய மருந்துசாலைகளில் அகலமான வெண்கல உருளி, விறகு அடுப்பு, ஆள் உயரச் சட்டுவம். முதலில் காதைத் தீட்ட வேண்டும். தண்ணீர் குறையக் குறைய சடசடப்பு குறையும். சட்டுவத்தால் அடியிலிருந்து கொஞ்சம் விழுதை வழித்து, ஆறவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டுவார்கள். பிசுபிசுவென ஒட்டினால் இன்னும் நேரம் இருக்கிறது. மெழுகு போலத் திரியாக உருண்டால் நெருங்கிவிட்டது. அந்தத் திரியைத் தீயில் காட்டுவார்கள். பொரிந்து சத்தம் வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. சத்தமில்லாமல் எரிந்தால் ஈரம் போய்விட்டது. அப்புறம் நுரை. எண்ணெய் என்றால் பதம் வரும்போது நுரை எழும். நெய் என்றால் அதுவரை இருந்த நுரை அடங்கும். இரண்டையும் மாற்றி நினைத்துக்கொண்டால் அவ்வளவுதான். மணமும் நிறமும் வந்திருக்கிறதா என்பதும் கூடவே.

சரியான பதத்திலும் மூன்று படி உண்டு.

1. மிருது பாகம். விழுது இன்னும் இளகலாக இருக்கும். மூக்கில் விடும் மருந்துக்கு.
2. மத்திம பாகம். விழுது மெழுகு போல உருளும். உள்ளுக்குக் குடிக்கவும் பொதுவான எல்லாப் பயன்பாட்டுக்கும்.
3. கர பாகம். விழுது சற்று இறுகி நரநரவென்று இருக்கும். உடம்பில் தேய்க்க.

சித்த மருந்து செய்பவர்கள் மெழுகு பதம், மணல் பதம் என்று பேசுவதும் இதே சங்கதிதான். தேய்க்கும் தைலத்தை உள்ளுக்குக் குடிக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்வதில், சேர்ந்திருக்கும் மூலிகைகளோடு இந்தப் பதமும் அடக்கம்.

இன்னொரு விதி, தைலத்தையும் நெய்யையும் ஒரே நாளில் காய்ச்சி முடிக்கக் கூடாது என்பது. காய்ச்சி, இறக்கி, இரவு ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் ஏற்ற வேண்டும். இதன் எல்லையைப் பார்க்க வேண்டுமானால் க்ஷீரபலா தைலத்தைப் பார்க்கலாம். மூன்றே பொருள்: கேரளத்தில் குறுந்தோட்டி என்று சொல்லும் செடியின் வேர், பால், நல்லெண்ணெய். ஒருமுறை காய்ச்சி வடித்த தைலத்தையே அடுத்த முறைக்கு எண்ணெயாக வைத்து, புதுக் கஷாயமும் புதுப் பாலும் புது விழுதும் சேர்த்துத் திரும்பக் காய்ச்சுவார்கள். இப்படி 101 முறை செய்ததுதான் '101 ஆவர்த்தி'. சாதாரண க்ஷீரபலா தைலத்தைக் கை நிறைய எடுத்துத் தேய்ப்பார்கள். 101 ஆவர்த்தியைச் சொட்டுக் கணக்கில் கொடுப்பார்கள். விலையும் அதற்கேற்றபடிதான். பொருள் பட்டியல் இரண்டுக்கும் ஒன்றே என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அரிஷ்டமும் ஆசவமும்

தண்ணீரில் கரைவது ஒரு வகை, எண்ணெயில் கரைவது ஒரு வகை. மூன்றாவது கரைப்பான் ஆல்கஹால். அதை வெளியிலிருந்து ஊற்றாமல் பானைக்குள்ளேயே உண்டாக்கும் முறை இது. கஷாயம் வைத்து அதைப் புளிக்கவிட்டால் அரிஷ்டம். கொதிக்க வைக்காத நீரிலோ சாற்றிலோ மூலிகையைப் போட்டுப் புளிக்கவிட்டால் ஆசவம். தசமூலாரிஷ்டம், திராக்ஷாரிஷ்டம், சீந்திலைக் கொண்டு செய்யும் அம்ருதாரிஷ்டம் எல்லாம் இந்த வகை.

தனி அளவு சொல்லாத இடத்தில், ஒரு துரோணம் (பழைய முகத்தல் அளவு) திரவத்துக்கு வெல்லம் 100 பலம், தேன் அதில் பாதி, பொடிகள் வெல்லத்தில் பத்தில் ஒரு பங்கு. அதோடு தாதகிப் பூ. காட்டாத்திப் பூ என்றும் சொல்வார்கள். காய்ந்த அந்தப் பூவில் ஒட்டியிருக்கும் காட்டு ஈஸ்ட்தான் புளிப்பைத் தொடங்கி வைக்கிறது. ஈஸ்ட் என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில் எந்தப் பூவைப் போட்டால் வேலை நடக்கும் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நெய் தடவிப் பழக்கிய மண்பானையில் ஊற்றி, வாயைத் துணியும் மண்ணும் கொண்டு மூடி, தானியக் குவியலுக்குள்ளோ மண்ணுக்குள்ளோ புதைத்து வைப்பார்கள். பகலிரவு வெப்ப ஏற்ற இறக்கம் பானையைத் தொடாமலிருக்க அது ஏற்பாடு. இன்று மரப்பீப்பாயும் எஃகுத் தொட்டியும் வந்துவிட்டன. புளிப்பு நடக்கிறதா என்று பார்க்கும் சோதனை மாறவில்லை: பானையில் காது வைத்தால் கொதிப்பது போன்ற சத்தம் வரும். எரியும் குச்சியை வாயருகே காட்டினால் கரியமில வாயு அதை அணைத்துவிடும். சத்தம் அடங்கி, மிதந்த பொடி அடியில் தங்கி, குச்சி அணையாமல் எரிந்தால் வேலை முடிந்தது. தப்பிப்போனால் காடியாகப் புளித்துவிடும்.

இதில் வாசகர் மனதில் வைக்க வேண்டியது ஆல்கஹால். பெரும்பாலான அரிஷ்டங்களில் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். லேபிளிலும் போட்டிருக்கும். வேளைக்கு 15 முதல் 30 மில்லி என்பதால் போதை ஏறாது. ஆனால் கல்லீரல் நோயுள்ளவர்கள், குடியை விட்டவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், ஆல்கஹாலோடு சேராத அலோபதி மருந்து எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் தொடக் கூடாது. பிரசவம் ஆன வீட்டில் தசமூலாரிஷ்டம் வாங்கி வைப்பது பல இடங்களில் வழக்கம். தாய்ப்பால் கொடுக்கும் காலம் என்பதால் இதையும் கேட்டே ஆக வேண்டும்.

மற்றவை சுருக்கமாக

சூரணம் என்பது உலர்த்தி, இடித்து, சல்லடையில் சலித்த பொடி. செய்வது எளிது, கெடுவதும் எளிது. பொடியாக்கியதும் காற்று படும் பரப்பு பெருகி மணமும் வீரியமும் போகத் தொடங்கும். சார்ங்கதரர் சூரணத்துக்குத் தரும் ஆயுள் இரண்டே மாதம். மாத்திரைக்கும் லேகியத்துக்கும் ஒரு வருடம். அரிஷ்ட, ஆசவங்கள் பழையதாக ஆக நல்லது என்கிறார். இன்றைய காற்றுப்புகா உறைகளை வைத்து அரசு விதிகள் சூரணத்துக்கு இதைவிட நீண்ட காலம் அனுமதிக்கின்றன. உறையைப் பிரித்த பிறகு ஒரு வருடம் அலமாரியில் கிடக்கும் திரிபலா டப்பாவுக்கு எந்தக் கணக்கும் பொருந்தாது.

லேகியத்தில் பாகுதான் எல்லாம். கம்பி இழுக்க வேண்டும், தண்ணீரில் விட்டால் கரையாமல் அமிழ வேண்டும், விரலால் அழுத்தினால் ரேகை பதிய வேண்டும். தேனை இறக்கி ஆறிய பிறகே சேர்ப்பார்கள். சியவனப்பிராசத்துக்கு 500 நெல்லிக்காய் என்று எண்ணிச் சொல்கிறது நூல். வெந்த நெல்லியின் சதையை நெய்யிலும் எண்ணெயிலும் வதக்குவது அதன் முக்கியமான கட்டம். மலிவாகச் செய்பவர்கள் முதலில் கை வைப்பதும் அதில்தான்.

குளிகைகளுக்குப் பாவனை என்ற படி உண்டு. பொடியை ஏதேனும் சாற்றிலோ கஷாயத்திலோ நனைத்துக் கல்வத்தில் அரைத்து உலர்த்தி, மறுபடி நனைத்து அரைப்பது. பட்டியலில் 'பாவனைக்கு' என்று தனியாக எழுதிய பொருள் வெறும் ஈரத்துக்காகச் சேர்த்தது அல்ல, அதன் சத்தும் மருந்துக்குள் ஏறுகிறது.

விஷ மூலிகையைச் சுத்தி செய்தல்

வச்சநாபி, எட்டிக்கொட்டை, குன்றிமணி, சேங்கொட்டை. நான்கும் விஷம், நான்கும் மருந்து. சுத்தி செய்யாமல் இவற்றைப் பயன்படுத்த நூல்கள் அனுமதிப்பதில்லை. வச்சநாபியைத் துண்டாக்கிக் கோமியத்தில் சில நாள் தினமும் மாற்றி மாற்றி ஊறவைப்பது ஒரு முறை, பசும்பாலில் மணிக்கணக்கில் வேகவைப்பது இன்னொரு முறை. அதிலுள்ள அகோனைட்டின் இதயத் துடிப்பையே குலைக்கக் கூடியது. நீரில் நீண்ட நேரம் வேகும்போது அந்த மூலக்கூறு உடைந்து, விஷம் பல மடங்கு குறைந்த பொருள்களாக மாறுகிறது என்று ஆய்வகங்கள் காட்டியிருக்கின்றன. எட்டிக்கொட்டையைப் பாலில் வேகவைத்து நெய்யில் வறுத்தால் அதன் விஷமான ஸ்டிரிக்னினின் அளவு குறைகிறது.

சடங்கு போலத் தெரியும் ஒரு வேலைக்குள் உண்மையான வேதியியல் இருப்பது ஒருபக்கம். மறுபக்கம், போதுமான நேரம் வெந்ததா என்பதைக் கண்ணாலோ விரலாலோ கண்டுபிடிக்க முடியாது. தைலப் பதத்துக்கு இருப்பது போல இதற்கு நம்பகமான கைச்சோதனை இல்லை. விஷம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கருவி வைத்துத்தான் அளக்க வேண்டும். மருந்து, அழகுசாதன விதிகளில் இ(1) என்ற அட்டவணை இப்படிப்பட்ட பொருள்களைப் பட்டியலிடுகிறது. அவை சேர்ந்த மருந்தில் 'மருத்துவ மேற்பார்வையில் மட்டும்' என்ற எச்சரிக்கை அச்சிடப்பட வேண்டும். அதைப் பார்த்தும் கடைக்காரர் சொன்னார் என்று வாங்குவது வம்பை விலைக்கு வாங்குவது.

நூல்முறை எங்கே கைவிடுகிறது?

பதம், விகிதம், வரிசை ஆகியவற்றில் இந்த மரபு காட்டும் நுட்பத்தைப் பார்த்தோம். ஆனால் உருளிக்குள் விழுவது சரியான செடிதானா என்பதில் அது காடு தெரிந்த ஆளை நம்பியது. அந்த ஆள் இன்று சங்கிலியில் இல்லை. மூலிகை பல கை மாறி, காய்ந்த துண்டாக மூட்டையில் வருகிறது.

அசோகாரிஷ்டம் நல்ல உதாரணம். அதற்கு வேண்டியது சராகா அசோகா மரத்தின் பட்டை. தமிழ்நாட்டில் பள்ளி வாசலிலும் பங்களா ஓரத்திலும் ஒல்லியாக உயர்ந்து நிற்கும் நெட்டிலிங்கத்தையும் மக்கள் அசோகமரம் என்றே சொல்கிறார்கள். அசோகப் பட்டையில் நெட்டிலிங்கப் பட்டை கலப்படமாவது மருந்துத் துறையில் நன்கு தெரிந்த விஷயம். பட்டை தப்பாக இருந்தால் கஷாயமும் புளிப்பும் எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் பாட்டிலில் இருப்பது அசோகாரிஷ்டம் இல்லை. சீந்தில் சர்ச்சையில் அமைச்சகம் சொன்ன பதிலும் இதே ஓட்டையைத்தான் காட்டுகிறது. கிரிஸ்பா கலந்திருக்கலாம் என்றால், கலந்ததைக் கடைக்கு வரும் முன் கண்டுபிடிக்க வேண்டியது யார் என்ற கேள்வி எழும்தானே.

கன உலோகம் அடுத்த ஓட்டை. 2004-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதேனும் இருந்ததாக வெளியிட்டது. அதன்பின் இந்தியா, ஏற்றுமதியாகும் முழு மூலிகை மருந்துகளுக்கு 2006 ஜனவரி முதல் கன உலோகச் சோதனையைக் கட்டாயமாக்கியது. வரம்பு பத்து லட்சம் பங்கில் ஈயம் 10, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பங்கு. உலோகத்தை மருந்தாகவே சேர்க்கும் ரசௌஷதங்கள் தனி வகை. மூலிகை மருந்து என்று நினைத்து அவற்றை வாங்கிவிடக் கூடாது.

லேபிளை எப்படிப் படிப்பது?

1940-ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனச் சட்டத்தில் 1964-ல் செய்த திருத்தம் ஆயுர்வேத மருந்துகளைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. சட்டத்தின் முதல் அட்டவணையில் அங்கீகரிக்கப்பட்ட நூல்களின் பட்டியல் இருக்கிறது. அந்த நூல்களில் சொன்னபடி அப்படியே செய்தது நூல்வழி மருந்து. அந்த நூல்களில் உள்ள பொருள்களை எடுத்து நிறுவனம் தானே சேர்மானம் அமைத்தது தனியுரிமை மருந்து. இரண்டுக்கும் 'ஆயுர்வேத மருந்து' என்ற முத்திரை உண்டு. ஆயிரம் ஆண்டுப் பழக்கம் என்ற வாதம் முதல் வகைக்குத்தான் ஓரளவு பொருந்தும். இரண்டாவது வகை நேற்றுப் பிறந்ததாகக்கூட இருக்கலாம்.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை:

1. நூலின் பெயர் குறிப்பிட்டிருக்கிறதா? இருந்தால் அந்த நூலின் செய்முறைக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு.
2. மூலிகையின் தாவரப் பெயரும் எந்தப் பாகம் என்பதும் உண்டா? அசுவகந்தாவில் வேருக்குப் பதில் இலையைச் சேர்ப்பது பெருகியதால், 2021-ல் இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகமே தயாரிப்பாளர்களுக்குச் சொல்ல வேண்டிவந்தது.
3. பொடியா, சாரமா? 'சாரம் 500 மில்லிகிராம்' என்றால் பல கிராம் மூலிகையைச் சுருக்கியிருக்கலாம். அதைப் பொடியின் அளவோடு ஒப்பிட முடியாது. தண்ணீரில் எடுத்ததா, ஆல்கஹாலில் எடுத்ததா என்பதும் முக்கியம். சாராயச் சாரத்தில் வருவது பாட்டி காலத்துக் கஷாயத்தில் வந்திருக்கவே வராது.
4. உற்பத்தித் தேதி, தொகுதி எண், உரிம எண்.

சாப்பிடத் தொடங்கிய பின் கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் அடர்ந்து போனாலோ, காரணமில்லாமல் சோர்வும் குமட்டலும் வந்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். என்ன சாப்பிட்டோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாட்டிலைத் தூக்கிப் போட வேண்டாம். வீட்டில் காய்ச்சியது என்றால் மிச்சமிருக்கும் தண்டையோ பொடியையோ எடுத்துப் போங்கள், எத்தனை டம்ளர் தண்ணீர் எவ்வளவாக வற்றியது என்பதோடு. ஆயுஷ் மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய 2018 முதல் தனித் திட்டம் இருக்கிறது. டெல்லியில் உள்ள அகில இந்திய ஆயுர்வேத நிறுவனம் அதன் தேசிய மையம். கையில் துண்டு இருந்தால் அது கார்டிஃபோலியாவா கிரிஸ்பாவா என்று நுண்ணோக்கியில் பார்த்தே சொல்லிவிட முடியும்.